மேப் முன்னாடியே இருந்துச்சு: கிறைஸ்ட்சர்ச் மண்ணும் லிக்விஃபேக்சன் கணக்கும்

நியூசிலாந்துல கிறைஸ்ட்சர்ச்னு ஒரு ஊரு, கிரிக்கெட் பாக்கிறவங்களுக்கு பேராவது தெரிஞ்சிருக்கும். 2010ல அங்க பூமி ஆடுறதுக்கு சில வருஷம் முன்னாடியே அந்த ஊருக்கு லிக்விஃபேக்சன் மேப் போட்டாச்சு, லிக்விஃபேக்சன்னா நிலம் ஆடும்போது ஈர மண்ணு கூழாகிறது. வட்டார கவுன்சில் அத போஸ்டர் மாதிரி அச்சடிச்சு ஜனங்களுக்கும் குடுத்துச்சு, எந்தப் பக்கம் மண்ணு கூழாகும் எந்தப் பக்கம் ஆகாதுன்னு கலர் கலரா. அப்புறம் 2010, 2011 ரெண்டு வருஷத்துல நாலஞ்சு தடவை பெருசா ஆடினப்ப, பெரும்பாலும் அந்த மேப் சொன்ன கிழக்குப் பக்கந்தான், ஆத்தோரந்தான், கூழாச்சு. மேப் பாஸ். ஆனா அதே கிழக்குப் பக்கத்துல அதுக்கு முந்தின வருஷங்கள்ல புதுப்புது பிளாட் போட்டு வித்துட்டும் இருந்தாங்க, வாங்கினவங்க சுவர் பெயிண்ட பாத்தாங்க, ஸ்கூல் எவ்வளவு தூரம்னு பாத்தாங்க, போஸ்டர யாரு பாக்கப் போறா.

அதனால லிக்விஃபேக்சன் ரிஸ்க் மேப்னா என்ன, எப்படிப் போடுறாங்க, போட்ட மேப் எங்க சறுக்குதுன்னு பேசணும்னா எனக்கு இந்த ஊர விட நல்ல உதாரணம் கிடையாது. உலகத்துலயே இவ்வளவு டீட்டெயிலா தன் மண்ண நோண்டிப் பாத்த ஊரு வேற இருக்கான்னே சந்தேகம்.

மொதல்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லிடறேன். 2010 செப்டம்பர் 4, விடியக்காலம் 4:35, மேக்னிட்யூட் 7.1. மையம் ஊருக்கு மேற்கால டார்ஃபீல்ட் பக்கம், சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி. வீடு இடிஞ்சு யாரும் சாகல. ஊரே பெருமூச்சு விட்டுச்சு. அடுத்து 2011 பிப்ரவரி 22, மதியம் 12:51. இது 6.2தான், ஆனா ஊருக்கு அடியிலயே, ஆழமும் ரொம்பக் கம்மி. 185 பேர் போயிட்டாங்க, அதுல 115 பேர் சிடிவிங்கிற ஒரே கட்டடத்துல. அந்த சாவுக்கும் லிக்விஃபேக்சனுக்கும் சம்பந்தம் இல்ல, அது கட்டடத்தோட கோளாறு. லிக்விஃபேக்சன் அங்க ஆள எடுக்கல, வீட்ட எடுத்துச்சு. ஏறத்தாழ 51 ஆயிரம் வீட்டு மனைகள்ல அதோட பாதிப்பு, அதுல சுமார் 15 ஆயிரம் வீடு ரிப்பேர் பண்றத விட இடிச்சுக் கட்டுறது மேல்ங்கிற நிலைமை.

கிட்டப் போய் பாத்தா எப்படி இருந்துச்சுன்னா, ஆடி முடிச்ச சில நிமிஷத்துல புல்தரையில விரிசல் விட்டு சாம்பல் கலர்ல தண்ணி கொப்புளிச்சு வருது, சுத்தி சின்னச் சின்ன எறும்புப் புத்து மாதிரி மண்ணு குவியுது, கார் ஷெட் தரைய ஒடச்சிக்கிட்டு வருது, ரோட்ல நின்ன கார் பானெட் வரைக்கும் உள்ள போயிருச்சு. மேன்ஹோல் மட்டும் ரோட்ட விட்டு மேல எழும்பி நிக்குது, ஏன்னா உள்ள காலியா இருக்கிற எதுவும் கூழுக்குள்ள மிதக்கும். சாக்கடை பைப் ஒடஞ்சதால அந்தக் கூழோட சாக்கடைத் தண்ணியும் கலந்திருச்சு. காஞ்சதும் மாவு மாதிரி தூசி, காத்தடிச்சா ஊரே இருமுது. 4 லட்சம் டன்னுக்கு மேல அள்ளினாங்க. காலேஜ் பசங்க ஃபேஸ்புக்ல கூட்டம் சேர்த்து மம்பட்டியும் தள்ளுவண்டியுமா ஆயிரக்கணக்குல எறங்கினது அங்க இன்னைக்கும் பெருமையா பேசுற விஷயம். ஆத்தங்கரை ஓரத்துல கத வேற, நிலமே ஏவான் ஆத்தப் பாத்து மீட்டர் கணக்குல நகந்து போச்சு, மெட்வே தெருவுல இருந்த நடைபாலம் பிழிஞ்ச துணி மாதிரி முறுக்கிக்கிச்சு.

இது ஏன் நடக்குதுன்னு புரியணும்னா படியில அரிசி அளந்த காலத்துக்குப் போகணும். கடைக்காரர் படிய நெரப்பி அப்படியே கவுத்துருவாரு, எங்க அப்பத்தா விடாது, "தட்டி அளப்பா"ன்னும். தரையில ரெண்டு தட்டு தட்டினா அரிசி ஒரு விரக்கடை எறங்கும், மேல இன்னும் ஒரு கை போடணும். தளதளன்னு கிடக்கிற எந்த மணியும் குலுக்கினா நெருங்கி உக்காரும், அவ்வளவுதான் விஷயம். இப்ப அதே படியில அரிசிக்கு நடுவுல இருக்கிற சந்து பூராவும் தண்ணி நிக்குதுன்னு வச்சுக்கங்க. அரிசி நெருங்கணும்னா தண்ணி வெளிய போய் எடம் விடணும். ஆனா நடுக்கம் பத்து, இருபது செகண்டுல முடிஞ்சிரும், பொடி மணலுக்குள்ள இருந்து தண்ணி அவ்வளவு சீக்கிரம் வெளிய வர முடியாது. அப்ப அதுவரைக்கும் மணலுக்கு மணல் தோள் குடுத்து தாங்கின வெயிட் பூராவும் தண்ணி மேல ஏறுது. தண்ணியோட பிரஷர் ஏறிக்கிட்டே போய், ஒரு கட்டத்துல மணலுக்கு மணல் தொடுறதே நின்னு போகுது. அந்த நிமிஷம் அது மண்ணு இல்ல, கஞ்சி. மேல இருக்கிற வீடு சாயுது, உள்ள இருக்கிற டேங்க் மிதக்குது, பிரஷர் தாங்காத தண்ணி மணலையும் வாரிக்கிட்டு மேல பீச்சுது. கடற்கரையில அலை திரும்பின ஈர மணல்ல நின்னு காலால தொப்பு தொப்புன்னு மிதிச்சா சுத்தி பளபளன்னு தண்ணி ஏறி கால் உள்ள போகும்ல, அதுல கொஞ்சம் இதோட சாயல் தெரியும்.

ஆக மூணு வேணும். நெருங்காம கிடக்கிற இளம் மணலோ வண்டலோ வேணும், அது தண்ணி மட்டத்துக்குக் கீழ இருக்கணும், போதுமான ஆட்டம் வேணும். மூணுல ஒண்ணு இல்லைன்னாலும் நடக்காது. நல்ல களிமண்ணு ஒட்டிப் பிடிச்சு நிக்கும், இப்படி கஞ்சியாகாது, அதுக்கு வேற வியாதி உண்டு. பெரிய ஜல்லியா இருந்தா தண்ணி சுலபமா ஓடிரும். பல்லாயிரம் வருஷம் பழைய மணல்னா இறுகிப் போயிருக்கும்.

கிறைஸ்ட்சர்ச்சுக்கு மூணும் தாராளமா அமைஞ்சிருச்சு. 1850ல வெள்ளைக்காரங்க வந்து எறங்கி ஊர் அமைச்ச எடம் முக்காவாசி சதுப்பு. 1856 சர்வேய வச்சு போட்ட பழைய மேப்ப அங்க பிளாக் மேப்னு சொல்லுவாங்க, எங்க ஓடை, எங்க சேறு, எங்க கோரைன்னு எல்லாம் குறிச்சிருக்கும். பக்கத்துல வைமகரிரி ஆறு காலங்காலமா எடம் மாறி மாறி ஓடி மணலயும் வண்டலயும் கொட்டின எடம், கிழக்கால போனா பழைய கடற்கரை மணல். ஊருக்கு அடியில ஜல்லிக்குள்ள பிரஷரோட தண்ணி, அந்த ஊத்துத் தண்ணியத்தான் ரொம்ப வருஷம் அப்படியே குடிச்சாங்க, அவ்வளவு சுத்தம். குடிக்க வரம், அஸ்திவாரத்துக்கு சாபம். கிழக்குப் பக்கம் ஒண்ணு ரெண்டு மீட்டர் தோண்டினாலே தண்ணி.

இனி மேப் எப்படிப் போடுறதுன்னு வருவோம். அடி மட்டத்துல இருக்கிறது சாயில் டெஸ்ட்தான். நம்ம ஊர்ல வீடு கட்டுறவங்க பாத்திருப்பீங்க, மூணு கால் முக்காலி நட்டு, போர் போட்டு, 63.5 கிலோ சுத்தியல கயித்துல இழுத்து 75 சென்டிமீட்டர் மேல இருந்து விடுவாங்க, குழாய் 30 சென்டிமீட்டர் எறங்க எத்தன அடின்னு எண்ணுவாங்க. அந்த எண்ணிக்கைதான் N வேல்யூ. மொத 15 சென்டிமீட்டர கணக்குல சேக்கிறது இல்ல. முறை நல்ல முறைதான், உலகம் பூரா இதுதான். ஆனா நான் ஒரு சைட்ல நின்னு பாத்திருக்கேன், எண்ண வேண்டிய தம்பி ஃபோன் பேசிட்டே "ஒன்பது, பத்து"ன்னு போறாரு, நடுவுல ஒரு அடி விட்டுப் போச்சு, நான் கேட்டா "ஒண்ணு ரெண்டு முன்ன பின்ன இருக்கும் சார்"ங்கிறாரு. பில்டிங் லோடுக்கு ஒண்ணு ரெண்டு பரவாயில்லதான். தளர்ந்த மணல்ல N வேல்யூ 8ஆ 11ஆங்கிறது கூழாகுமா ஆகாதாங்கிற வித்தியாசமாவே இருக்கலாம். அதோட இந்த டெஸ்ட் வழக்கமா ஒன்றரை மீட்டருக்கு ஒரு தடவைதான் பாக்கும், நடுவுல அரை மீட்டர் கனத்துல ஒரு மோசமான லேயர் ஒளிஞ்சிருந்தா தெரியவே தெரியாது.

அதனாலதான் கிறைஸ்ட்சர்ச்சுல பெரும்பாலும் சிபிடிக்கு, அதாவது கோன் பெனட்ரேஷன் டெஸ்ட்டுக்குப் போனாங்க. இது கூம்பு. முனையில 10 சதுர சென்டிமீட்டர் குறுக்குப் பரப்பு, அத செகண்டுக்கு 2 சென்டிமீட்டர் வேகத்துல சீரா மண்ணுக்குள்ள அமுக்கிட்டே போவாங்க, ஓரிரு சென்டிமீட்டருக்கு ஒரு ரீடிங், முனையில எவ்வளவு எதிர்ப்பு, பக்கவாட்டுல எவ்வளவு உரசல், தண்ணி பிரஷர் எவ்வளவுன்னு. யாரும் எண்ண வேண்டாம், ஃபோன் பேசினாலும் பாதகமில்ல. மண்ண வெளிய எடுத்துப் பாக்க முடியாதுங்கிறது ஒரு குறை, ஜல்லி வந்தா கூம்பு நின்னுரும்ங்கிறது இன்னொண்ணு. அங்க ஆயிரக்கணக்குல இப்படி அமுக்கினாங்க, இன்சூரன்ஸுக்காக, ரிப்பேருக்காக, புது வீட்டுக்காக. அதெல்லாத்தையும் ஒரே ஆன்லைன் டேட்டாபேஸ்ல போட்டாங்க, ஒரு இன்ஜினியர் தான் பண்ணின டெஸ்ட்ட ஏத்தினா மத்தவங்க டெஸ்ட்ட பாத்துக்கலாம். பின்னாடி அதுவே நாடு பூராவுக்கும்னு விரிஞ்சுச்சு. என்னைக் கேட்டா கிறைஸ்ட்சர்ச் உலகத்துக்குக் குடுத்த பெரிய விஷயம் எந்த ஃபார்முலாவும் இல்ல, இந்தப் பழக்கந்தான். நம்ம ஊர்ல ஒரே தெருவுல பத்து அபார்ட்மென்ட்டுக்கு பத்து போர் போட்டு பத்து ரிப்போர்ட்டும் பத்து பீரோவுல தூங்கும்.

டெஸ்ட் ரிசல்ட்ட வச்சு போடுற கணக்கு எளிமையானது, மொதல் தடவை பாக்கிறவங்களுக்கு இவ்வளவுதானான்னு இருக்கும். இந்த ஆழத்துல இருக்கிற மண்ணு எவ்வளவு ஆட்டத்த தாங்கும்ங்கிறது ஒரு நம்பர், வரப்போற நிலநடுக்கம் அத எவ்வளவு ஆட்டும்ங்கிறது ஒரு நம்பர், மொதல் நம்பர ரெண்டாவதால வகுக்கணும், ஒண்ணுக்குக் கீழ வந்தா கூழ். இதுக்கு அடி போட்டது 1964. அந்த வருஷம் மார்ச்சுல அலாஸ்கா, ஜூன்ல ஜப்பான் நீகாட்டா, ரெண்டும் பெரிய நிலநடுக்கம். நீகாட்டாவுல அடுக்குமாடி வீடுங்க ஒடையாம கொள்ளாம அப்படியே முழுசா சாஞ்சு படுத்த போட்டோ இன்ஜினியரிங் படிச்சவங்க எல்லாரும் பாத்திருப்பாங்க. கலிஃபோர்னியாவுல சீடும் இத்ரிஸும் 1971ல அந்த அனுபவத்தயெல்லாம் ஒரு கணக்கா சுருக்கினாங்க. கூழான எடம் இத்தன, ஆகாத எடம் இத்தன, எல்லாத்தையும் ஒரே கிராஃப்ல புள்ளி வச்சு நடுவுல ஒரு கோடு. இன்னைக்கு வரைக்கும் அந்தக் கோட்டதான் திருத்தித் திருத்தி வரையிறாங்க. அதாவது இது பௌதிகத்துல இருந்து நேரா எறங்கி வந்த சட்டம் இல்ல, நடந்தத பாத்து எழுதின அனுபவ பாடம், புள்ளி இல்லாத மாதிரி மண்ணு வந்தா கோடு முழிக்கும். இத ஞாபகம் வச்சுக்கங்க, திரும்ப வரேன்.

சரி, 4 மீட்டர் ஆழத்துல கூழாகும், 11 மீட்டர்ல கூழாகும்னு தெரிஞ்சிருச்சு. வீட்டுக்காரருக்கு அதனால என்ன? அவருக்கு வேண்டியது தன் வீட்டுத் தரை பொளக்குமாங்கிற பதில். மேப் போடுறதுல நிஜமான சிக்கல் இங்கதான் ஆரம்பிக்குது. ஜப்பான்ல 1970கள்லயே இவாசாகி குழுவினர் ஒரு வழி சொன்னாங்க, மேல இருந்து 20 மீட்டர் வரைக்கும் எங்கெங்க கூழாகுதோ அதையெல்லாம் கூட்டு, மேல இருக்கிறதுக்கு மார்க் ஜாஸ்தி, கீழ போகப் போக கம்மி, 20 மீட்டர்ல பூஜ்யம். இதுக்குப் பேரு எல்பிஐ. கிறைஸ்ட்சர்ச்சுல இத போட்டுப் பாத்தப்ப வீட்டு சேதத்தோட அவ்வளவா ஒத்துப் போகல. காரணம் அங்க வீடுங்க பெரும்பாலும் ஒரு மாடி, மரச்சட்டம், லேசான வெயிட், அஸ்திவாரம் மேலாப்புல. அதுக்கு 12 மீட்டர்ல என்ன நடக்குதுங்கிறத விட மொத சில மீட்டர்ல என்ன நடக்குதுங்கிறதுதான் தலையெழுத்து. அதனால எல்எஸ்என்னு புதுசா ஒண்ணு கொண்டு வந்தாங்க, மண்ணு எவ்வளவு அமுங்கும்ங்கிறத ஆழத்தால வகுத்துக் கூட்டுறது, அதனால மேல் மண்ணு கணக்கையே ஆட்டி வைக்கும்.

இதுக்குப் பின்னாடி இருக்கிற யோசனை, மேல இருக்கிற காஞ்ச மண்ணு. தண்ணி மட்டத்துக்கு மேல இருக்கிற மண்ணு கூழாகாது, அது பால் மேல படர்ற ஆடை மாதிரி மூடிக்கிட்டு இருக்கும். மூணு மீட்டர் ஆடை இருந்தா கீழ கஞ்சியானாலும் வீடு அது மேல தாக்குப் பிடிச்சிரும். ஒரு மீட்டர்தான்னா பிச்சுக்கிட்டு வந்துரும். அந்த ஆடையோட கனத்த முடிவு பண்றது தண்ணி மட்டம். ஆக மண்ண விட, நடுக்கத்த விட, மேப்ல சத்தமில்லாம விளையாடுற ஆளு தண்ணி மட்டந்தான். 2010க்கு முன்னாடி போட்ட அந்த மேப்லயே தண்ணி ஏறி நின்னா எப்படி, எறங்கி நின்னா எப்படின்னு ரெண்டா போட்டிருந்தாங்க, விவரமானவங்கதான்.

இதுல ஒரு கொடுமை என்னன்னா நிலநடுக்கமே மேப்ப மாத்திருது. 2003லயே ஊர் மேல விமானத்துல லேசர் அடிச்சு உயரம் அளந்து வச்சிருந்தாங்க, ஒவ்வொரு பெரிய ஆட்டத்துக்கு அப்புறமும் திரும்ப அளந்தாங்க. கழிச்சுப் பாத்தா கிழக்குப் பக்கம் பெரும்பகுதி எறங்கியிருக்கு, சில எடத்துல அரை மீட்டருக்கும் மேல. நிலம் எறங்குச்சு, தண்ணி மட்டம் கிட்டத்தட்ட அங்கயேதான் நிக்குது, அப்ப ஆடை அரை மீட்டர் மெலிஞ்சு போச்சு. மணலும் ஒரு தடவை கூழாகி உக்காந்ததால ரொம்ப இறுகிடவும் இல்ல, அடுத்தடுத்த ஆட்டத்துல அதே எடம் திரும்பத் திரும்ப கக்குச்சு. 2016 பிப்ரவரி 14ல 5.7 வந்தப்பக்கூட கிழக்குல சில எடத்துல மண்ணு வெளிய வந்துச்சு. முன்னாடி மஞ்சளா இருந்த எடம் இப்ப சிவப்பு, வீட்டுக்காரர் ஒண்ணும் பண்ணாமலே. நியூசிலாந்துல அரசாங்க நிலநடுக்க இன்சூரன்ஸ் வீட்டுக்கு மட்டுமில்ல, வீடு நிக்கிற நிலத்துக்கும் ஓரளவு உண்டு. அதனால கண்ணுக்குத் தெரியாத இந்த மெலிவும் நில சேதந்தானேன்னு கேள்வி வந்துச்சு, கடைசியில ஆமான்னு ஒத்துக்கிட்டு அதுக்கும் பணம் குடுத்தாங்க. வருங்கால ரிஸ்க் கூடினதுக்கு இழப்பீடு குடுத்த கணக்கு வேற எங்கயும் நான் கேள்விப்பட்டதில்ல.

சட்டமா எப்படி மாத்தினாங்கன்னா, 2011 ஜூன்ல இருந்து ஆத்தோர ஏரியாக்கள ரெட் ஜோன்னு அறிவிச்சாங்க. மண்ண சரி பண்றது செலவுக்கு கட்டாது, நாளும் ஆகும், அரசாங்கமே 2007 மதிப்புக்கு வாங்கிக்கும்னு. மலைப்பக்கத்தையும் சேத்து மொத்தம் 8 ஆயிரம் வீட்டுக்குக் கிட்ட. மிச்சம் இருந்த சமவெளி நிலத்த மூணா பிரிச்சாங்க, டிசி1, டிசி2, டிசி3, டிசின்னா டெக்னிக்கல் கேட்டகரி. இங்கதான் எனக்குப் பிடிச்ச ஒரு நேர்த்தி. கூழாகுமா ஆகாதான்னு கேக்காம எத்தன மில்லிமீட்டர் எறங்கும்னு கேட்டாங்க. சுமார் 25 வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற ஆட்டத்துக்கு 50 மிமீ, 500 வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற ஆட்டத்துக்கு 100 மிமீ, இதத் தாண்டினா டிசி3, அங்க வீடு கட்டணும்னா கூம்பு அமுக்கி தனியா டிசைன் போடணும். டிசி1னா வழக்கமான அஸ்திவாரமே போதும். டிசி2னா கெட்டியான ராஃப்ட் மாதிரி, வீட்டுக்கு அடியில பூரா ஒரே கான்கிரீட் பலகை. கொத்தனாருக்கும் புரியும், பேங்குக்கும் புரியும்.

புரிஞ்சதுல வலியும் இருந்துச்சு. கோடு தெரு நடுவுல போகும், இந்தப் பக்கம் ரெட் ஜோன், காசு வாங்கிட்டு கெளம்பலாம், எதிர் வீட்டுக்காரர் டிசி3, இன்சூரன்ஸோட மல்லுக்கட்டணும். மண்ணு என்னமோ தெரு அளவு பாத்து மாறுறதில்ல. ஏரியா வாரியா போடுற மேப்ப தனி வீட்டுக்குத் தீர்ப்பா படிச்சா இந்த சங்கடம் வரத்தான் செய்யும்.

இப்ப அந்த முழிக்கிற கோட்டுக்கு வரேன். ஊரோட சில பகுதியில, முக்கியமா மணலும் வண்டலும் சேறும் மெல்லிசு மெல்லிசா மாறி மாறி படிஞ்ச எடங்கள்ல, கணக்கு போட்டா மோசமான கூழ்னு வருது, நேர்ல பாத்தா புல்லுகூட கலையல. கேன்டர்பரி யூனிவர்சிட்டியில குப்ரினோவ்ஸ்கி குழு 55 எடத்த எடுத்து ஒண்ணொண்ணா குடைஞ்சாங்க. அவங்க சொன்னதோட சாரம், ஒவ்வொரு லேயரையும் தனித்தனியா பாஸ் ஃபெயில் போட்டு கூட்டுறது தப்பு, லேயருங்க ஒண்ணுக்கொண்ணு பேசிக்கும். கீழ கனமா ஒரே மணலா இருந்தா அங்க ஏறின தண்ணி பிரஷர் மேல பாஞ்சு மேல் லேயரயும் கெடுக்கும். நடுவுல சேறு மூடி மூடி இருந்தா தண்ணி மேல வரவே வழியில்ல, அதோட ஆழத்துல ஒரு லேயர் சீக்கிரம் கூழானா அதுவே மேல வர்ற ஆட்டத்த தணிச்சிரும். பத்து பேரோட மார்க்க கூட்டி கிளாஸ் எப்படின்னு சொல்ற மாதிரி இல்ல இது, யார் பக்கத்துல யார் உக்காந்திருக்கான்னும் பாக்கணும். மேப் பயமுறுத்தி எதுவும் நடக்கலைன்னா நல்லதுதானேன்னு தோணும், ஆனா தேவையில்லாம சிவப்படிச்சா ஒருத்தர் நிலத்தோட விலை போச்சு, லட்சக்கணக்குல அஸ்திவாரச் செலவு.

மேப்ப நம்பி மண்ண சரி பண்ண முடியுமான்னு அவங்க சும்மா பேசல, ரெட் ஜோன்ல காலியான நிலத்துல 2013ல அமெரிக்காவுல டெக்சஸ் யூனிவர்சிட்டியில இருந்து டி-ரெக்ஸ்னு ஒரு ராட்சச லாரிய கொண்டு வந்து எறக்கினாங்க, அது நின்ன எடத்துலயே தரைய நடுங்க வைக்கும், செயற்கை நிலநடுக்கம். ஜல்லித் தூண் போட்ட மண்ணு, ஒண்ணும் பண்ணாத மண்ணு எல்லாத்தையும் ஆட்டிப் பாத்து எது நிக்குதுன்னு அளந்தாங்க. மண்ண முன்கூட்டியே இறுக்கினா வேலை செய்யும்ங்கிறதுக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. பிப்ரவரி 22 முடிஞ்சு பதினேழாவது நாள், 2011 மார்ச் 11, ஜப்பான் பெரு நிலநடுக்கம். டோக்கியோ பக்கத்துல உராயாசுங்கிற ஊர்ல கடல மூடி எடுத்த நிலம் பெருவாரியா கூழாச்சு. அதே ஊர்லதான் டோக்கியோ டிஸ்னிலேண்ட், கட்டும்போதே மண்ண இறுக்கியிருந்ததால உள்ள பெருசா ஒண்ணும் ஆகல, சரி பண்ணாம விட்ட பார்க்கிங்ல மட்டும் மண்ணு கக்குச்சு. பக்கத்து பக்கத்து நிலம், ஒரே கடல் மணல்.

மேப்புக்குப் பல்லு வேணும்ங்கிறதுக்கு இன்னும் கொடூரமான உதாரணம் இந்தோனேசியாவுல பாலுங்கிற ஊரு. 2018 செப்டம்பர் 28, 7.5. பலரோவா, பெட்டோபோ பக்கமெல்லாம் ஏறக்குறைய சமதளம், கண்ணுக்கே தெரியாத சரிவு, அதுல ஊரே நூத்துக்கணக்கான மீட்டர் வழுக்கிப் போச்சு. கிறைஸ்ட்சர்ச்ல வீட்ட எடுத்த லிக்விஃபேக்சன் இங்க ஆளையே எடுத்துச்சு, சுனாமியோட சேத்து 4 ஆயிரம் பேருக்கு மேல. 2012லயே அந்த நாட்டு புவியியல் துறை இந்தப் பகுதிகள ஆபத்துன்னு ஆய்வு பண்ணி குறிச்சிருந்தது. அங்கயும் பின்னாடி போய் பாத்தவங்க கை காட்டினது தண்ணியத்தான், நூறு வருஷம் பழைய பாசன வாய்க்கால், அதுக்குக் கீழ நெல் வயல், வருஷக்கணக்கா தேங்கின தண்ணி நிலத்தடி மட்டத்த ஏத்தி வச்சிருந்துச்சு. பல எடத்துல வாய்க்கால ஒட்டித்தான் நிலம் பிச்சுக்கிட்டு போயிருக்கு.

நியூசிலாந்து கத்துக்கிட்டு 2017ல நாடு பூராவுக்கும் ஒரு வழிகாட்டி போட்டாங்க. மேப்ப நாலு தரமா பிரிச்சு, மேசையில உக்காந்து புவியியல் மேப்ப பாத்துப் போடுறது ஒரு தரம், மனைக்குப் போய் கூம்பு அமுக்கிப் போடுறது கடைசித் தரம், எந்த மேப் எந்தத் தரம்னு மேல எழுதணும். இன்னும் முடிவு பண்ணலைன்னே ஒரு வகை உண்டு, டேட்டா இல்லைன்னா பச்சையடிச்சு ஏமாத்தாம அப்படியே போடலாம். நம்மாளுங்க போடுற பல மேப்ல டேட்டா இல்லாத எடமும் அழகா ஏதோ ஒரு கலர்ல நெரம்பியிருக்கும், சாஃப்ட்வேர் நெரப்பிக் குடுத்துரும்.

நம்ம நாட்டுக்கு இது புதுசில்ல. 1934 ஜனவரி 15 பீகார் நிலநடுக்கத்துல கங்கைக்கு வடக்கால சுமார் 300 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் தளர்ந்து எறங்குச்சு, வயல் பூரா மணல் ஊத்து. இந்திய புவியியல் துறைக்காரங்க ஊர் ஊரா போய் அந்தப் பட்டைய மேப்ல குறிச்சாங்க. அந்தப் பட்டைக்குள்ள வீடுங்க நொறுங்கினத விட சாஞ்சதும் புதைஞ்சதுந்தான் ஜாஸ்தின்னும் எழுதி வச்சாங்க, கிறைஸ்ட்சர்ச் வீடுங்க மாதிரியே. அவங்க அத குறிச்சிட்டு இருந்த நேரத்துல காந்தி திருநெல்வேலி கூட்டத்துல இது தீண்டாமைங்கிற பாவத்துக்கு ஆண்டவன் குடுத்த தண்டனைன்னு பேசினதும் தாகூர் அதுக்கு வருத்தப்பட்டு மறுப்பு எழுதினதும் தனிக் கதை.

சென்னை 2002 இந்திய நில அதிர்வு மேப்ல மூணாவது ஜோன்ல, அதாவது நடுத்தர ஆபத்துல வந்துச்சு, கிறைஸ்ட்சர்ச்சோட ஒப்பிடவே கூடாது, அந்த அளவு ஆட்டத்த இங்க யாரும் எதிர்பாக்கல. ஆனா கடலோரமா கட்டுற பெரிய கட்டடத்துக்கு ரிப்போர்ட்ல லிக்விஃபேக்சன் செக்குன்னு ஒரு பக்கம் வர ஆரம்பிச்சிருக்கு. அப்படி ஒரு ரிப்போர்ட் என் கைக்கு வந்துச்சு, ஈசிஆர் பக்கம் ஒரு மனை, அடியில மணல். கணக்கெல்லாம் அழகா டேபிள் போட்டு, எல்லா ஆழத்துலயும் பாஸ். தண்ணி மட்டம்ங்கிற கட்டத்துல "8 மீட்டர் வரை தென்படவில்லை"ன்னு இருந்துச்சு. டெஸ்ட் பண்ணின தேதி மே 19. மனைய ஒட்டின பழைய வீட்ல ஒரு கெணறு இருந்துச்சு, எதுக்கும் கேப்போம்னு போனேன். அந்த வீட்டம்மா சொன்னாங்க, "கார்த்திகையில வந்து பாருங்க தம்பி, குனிஞ்சு சொம்பால மோந்துக்கலாம்."